அவசரப்படுத்துகிற அலுவலகம் எந்த ஊரில் இருக்கிறது?

மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கிற என் சித்தப்பா, போன சம்பா நடவின்போது செல்போனை நீட்டினார். ஒரு மின்னஞ்சல். "மதிப்பிற்குரிய விவசாயி அவர்களே, தங்களின் பி.எம். கிசான் தவணை ரூ.2,000 நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. இன்று மாலை 6 மணிக்குள் கீழ்க்கண்ட இணைப்பில் விவரங்களைப் புதுப்பிக்கத் தவறினால் தங்கள் பெயர் நிரந்தரமாக நீக்கப்படும்."

"ஒரு பிழை இல்லையேப்பா, நிஜமாத்தான் இருக்கும்" என்றார்.

பலரும் செய்கிற முதல் தவறு இதுதான். எழுத்துப்பிழை இருந்தால்தான் மோசடி என்று நினைப்பது. ஒரு காலத்தில் பெரும்பணம் தருவதாக நைஜீரிய இளவரசர் பெயரில் வந்த மோசடிக் கடிதங்கள் அபத்தமாக இருந்தது உண்மை. அதிலும் ஒரு கணக்கு உண்டு என்று 2012-ல் மைக்ரோசாப்ட் ஆய்வாளர் கார்மாக் ஹெர்லி விளக்கினார்: விவரமானவர்கள் சிரித்துவிட்டு விலகிவிடுவார்கள், நம்பக்கூடியவர்கள் மட்டும் பதில் போடுவார்கள், மோசடிக்காரருக்கு நேரம் மிச்சம். இப்போது நல்ல தமிழை இயந்திரமே எழுதித் தருகிறது.

ஆகவே தமிழை விடுங்கள், அது உங்களை எப்படி நெருக்குகிறது என்று பாருங்கள். பி.எம். கிசான் என்பது மத்திய அரசு விவசாயிகளுக்குத் தருகிற உதவித்தொகை; ஆண்டுக்கு ரூ.6,000, மூன்று தவணை என்பதால் ரூ.2,000 சரியான தொகைதான். அந்த ஒரு நிஜத்தை வைத்து மீதிப் பொய்யை நம்ப வைக்கிறார்கள். 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' சரி, நிறுத்தியது யார், எதற்காக? அதைச் சொல்லவே இல்லை. கடிதம் வந்தது மாலை 4 மணிக்கு. வங்கி கவுன்ட்டர் அடைத்தாயிற்று, யாரிடமும் விசாரிக்க வழியில்லை. 'நிரந்தரமாக' என்ற சொல்தான் வயிற்றைக் கலக்குகிறது.

நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திரும்பக் காயப்போட்டு, தார்ப்பாய்க்குப் பக்கத்திலேயே ராத்தூக்கம் போட்டவர்கள் நாம். பணம் வாங்கிக்கொள்ள வா வா என்று நம்மை விரட்டுகிற அலுவலகத்தை எங்கே பார்த்திருக்கிறோம்? சித்தப்பாவிடம் இதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். மறுநாள் பொதுச் சேவை மையத்தில் பார்த்தால், தவணை ஏற்கெனவே ஏறியிருந்தது.

அடுத்த தவறு, இணைப்பில் 'கவ்.இன்' (gov.in) கண்ணில் பட்டதும் அரசாங்கம் என்று நம்புவது. நெடுஞ்சாலை முழுக்க 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டு இருக்கிறது, கடை இருப்பதோ விழுப்புரத்தில். இணைய முகவரியும் அப்படித்தான். தொடக்கத்தில் இருக்கிற 'https://'-ஐ விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வருகிற முதல் சாய்கோட்டுக்குச் (/) சற்று முன்னால், கடைசியாக என்ன வருகிறது என்று பாருங்கள். 'கவ்.இன்' அங்கே, தனக்கு முன்னால் ஒரு புள்ளியோடு (.gov.in) இருக்க வேண்டும். நடுவில் வந்து, பின்னால் வேறு பெயர் ஒட்டியிருந்தால் அது வேறு யாருடைய கடையோ.

'காப்பீட்டுப் படிவம்' என்ற பெயரில் ஏ.பி.கே. (.apk) கோப்பு, அதாவது செல்போனில் செயலியை ஏற்றுகிற கோப்பு, இணைத்திருந்தால் தொடவே வேண்டாம். பணம் நம் கணக்குக்கு வர யு.பி.ஐ. பின் நம்பர் தேவையே இல்லை. கோபத்தில் திட்டிப் பதில் அனுப்புவதும் வேண்டாம், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நாமே சொன்னதாகிவிடும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, பணம் போன பிறகு வெட்கப்பட்டு வீட்டில் மறைப்பது. பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கப் பார்க்கலாம். இணைய மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு உடனே போன் போடுங்கள், அப்புறம் வங்கிக்கு. ஊர் என்ன சொல்லும் என்று யோசிப்பதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.