காவடி நிகழ்ச்சி வகைப் பக்கத்தில் வரவில்லையா?

வேர்ட்பிரஸில் இயங்கும் மொரிஷியஸ் கோவில் இணையதளங்களில் அடிக்கடி வரும் தொல்லை இது: தைப்பூசக் காவடி நிகழ்ச்சியைப் போட்டாயிற்று, ‘திருவிழா’ வகையைத் திறந்தால் பழைய பதிவுகள் மட்டுமே தெரிகின்றன. பிளகின் (தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருள்) பழுதில்லை. ‘தி ஈவென்ட்ஸ் காலண்டர்’ என்ற அந்தப் பிளகின் நிகழ்ச்சிகளுக்கென்று தனி வகைப் பட்டியல் வைத்திருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் பதிவுகளின் வகையோடு அது ஒட்டாது. ஈவென்ட்ஸ் மெனுவுக்குள் இருக்கும் ‘ஈவென்ட் கேட்டகரீஸ்’ திறந்து, அங்கே வகையை உண்டாக்கி, நிகழ்ச்சியில் டிக் செய்யுங்கள். தளத்தின் மெனுவிலும் அந்த வகையின் இணைப்பையே போடுங்கள். பலர் இதைத்தான் மறக்கிறார்கள்.

பக்கம் இல்லை என்று 404 பிழை வந்தால் செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் போய், எதையும் மாற்றாமல் சேவ் அழுத்துங்கள். அப்படியும் சரியாகாவிட்டால், ‘ஈவென்ட்ஸ்’ (events) என்ற ஸ்லக்கில் (முகவரியில் வரும் பெயர்ப் பகுதி) தனிப் பக்கம் ஏதும் இருக்கிறதா பாருங்கள். காலண்டரின் முகவரியோடு அது மோதும்.

ஸ்லக்கைத் தமிழில் விடாதீர்கள். ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரியில் 9 எழுத்தாக விரியும். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக் குறிதான். வரம்பு 200 எழுத்து என்பதால் 22 குறிக்கு மேல் தாங்காது, நீளமான பெயர் பாதியில் வெட்டுப்படும். ரோமன் எழுத்தில் சுருக்கமாக வையுங்கள்.

நேரம் பிசகினால் ஜெனரல் செட்டிங்ஸில் நேர மண்டலமாக ‘மொரிஷியஸ்’ தேர்ந்தெடுங்கள். காவடி முடிந்த மறுநாள் பட்டியல் காலியானால் பதற வேண்டாம்: அது வழக்கமாக வரப்போகும் நிகழ்ச்சிகளையே காட்டும்.