சிகாகோவுக்குள் போகும்முன் தேதியைப் பாருங்கள்

ஜூன் மழையில் கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு மத்தியானம், தக்கலையிலிருந்து தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணே, சிகாகோ ஏறவே மாட்டேங்குது. காலாவதி ஆயிட்டுன்னு சொல்லுது."

1995 ஆகஸ்ட் 24 அன்று வெளிவந்த விண்டோஸ் 95-க்கு, அதற்கு முன் மைக்ரோசாஃப்ட் வைத்திருந்த பெயர் சிகாகோ. அதன் சோதனைப் பதிப்புகள் பலவற்றில் காலாவதித் தேதி உள்ளேயே இருக்கிறது. இன்றைய தேதியோடு நிறுவப் போவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. வட்டிலுள்ள கோப்புகளின் தேதியைப் பாருங்கள். 1994 மே என்று இருந்தால், பயாஸ் (கணினி தொடங்கும்போதே ஓடும் அடிப்படை அமைப்பு) தேதியை அதற்கு ஓரிரு நாள் கழித்து வரும்படி வையுங்கள். நிறுவத் தொடங்கும் முன்பே செய்யவேண்டும். தம்பியும் பயாஸில் மாற்றித்தான் இருந்தான். ஆனால் எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருள்) நேர ஒத்திசைவு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் தேதி இன்றைக்கே திரும்பிவிட்டது. அதை அணைத்ததும் சரியாகிவிட்டது.

அடுத்தது, நிறைய வேகமும் நினைவகமும் கொடுத்தால் நன்றாக ஓடும் என்ற நினைப்பு. வெளிவந்த விண்டோஸ் 95கூட 2 கிகாஹெர்ட்ஸ் தாண்டிய பிராசசரில் தடுமாறும், 512 எம்பிக்கு மேல் ராம் இருந்தால் முரண்டு பிடிக்கும். 86பாக்ஸ் என்ற எமுலேட்டரில் ஒரு 486 பிராசசர், 16 எம்பி ராம் போதும். வீட்டுக் கணினியில் நேரடியாக ஏற்றவே வேண்டாம், இணையத்திலும் இணைக்க வேண்டாம்.

பழைய பிளாப்பி கிடைத்தால் உடனே டிரைவில் திணிக்காதீர்கள். இரண்டு பருவமழை பெய்யும் நம் குமரி மாவட்டத்து ஈரத்தில் பிளாப்பிகளுக்குப் பூசணம் பிடித்துவிடும். உலோக மூடியை மெல்ல நகர்த்தி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். காந்தப்படலத்தில் வெளிறிய திட்டுகள் தெரிந்தால் டிரைவில் போடக்கூடாது. தகவலும் போகும், டிரைவின் தலையும் கெடும்.

எனக்கு மனம் பொறுக்காத தவறு இன்னொன்று. 1993-இல் உருவான 58எஸ் என்ற சிகாகோ சோதனைப் பதிப்பைத் திறந்து, ஸ்டார்ட் பட்டனைக் காணோம், பாதி வேலை செய்யவில்லை என்று மூடிவிடுகிறார்கள். அங்கே ஸ்டார்ட் பிறக்கவே இல்லை. திரையின் அடியில் இருப்பவை மூன்று பட்டன்கள்: சிஸ்டம், தேடல், உதவி. மூன்றையும் அழுத்திப் பாருங்கள். தேடலும் உதவியும் பின்னால் ஸ்டார்ட் மெனுவுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தன.