பூஸ்ட் ஏறும்போது வண்டி வெட்டுதா? பம்ப், காயில் மாத்தறதுக்கு முன்னாடி வயர லோடுல அளந்து பாருங்க

போன மழை சீசன்ல பெங்களூர்ல நமக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் வண்டி எடுத்துட்டு வந்தான், செகண்ட் ஹேண்ட்ல வாங்கின டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக், முன்னாடி வச்சிருந்தவரு ரீமேப் பண்ணி (அதாவது இசியுங்கற எஞ்சின் கம்ப்யூட்டரோட செட்டிங்ஸ மாத்தி) பெரிய ஃப்யூயல் பம்ப் போட்டு பின்னாடி ஆம்ப்ளிஃபையர், சப்வூஃபர்லாம் வச்சு ஓட்டிருக்காரு. மூணாவது கியர்ல 3500 ஆர்பிஎம் வரைக்கும் அழகா இழுக்குது, அதுக்கு மேல பூஸ்ட், அதாவது டர்போ தள்ற காத்து அழுத்தம், முழுசா வந்த உடனே யாரோ பின்னாடி இருந்து சட்டையப் பிடிச்சு இழுத்த மாதிரி வெட்டுது. "பிளக் மாத்திட்டேண்ணா, நாலு இக்னிஷன் காயிலும் மாத்திட்டேன், இப்ப பம்ப் போச்சு 22,000 ஆகும்ங்கறாங்க, என்னண்ணா பண்றது"ன்னு கேட்டான். ஸ்கேனர்ல பி0171ன்னு எரர் கோடு, அதாவது மிக்ஸ்சர்ல பெட்ரோல் பத்தல. பம்ப்தான்னு தோணும். ஆனா பம்ப் நல்லாதான் இருந்துச்சு, அதுக்குப் போற கரண்டுதான் பாதி வழியில காணாம போயிட்டு இருந்துச்சு. அத எப்படிக் கண்டுபிடிச்சோம், நீங்க உங்க வண்டில எப்படிப் பாக்கணும்னு சொல்றேன், ஏன்னா பத்து பேர் இந்த மாதிரி வந்தா பாதிப் பேர் தேவையே இல்லாத பார்ட்ஸுக்குக் காசு கொட்டிட்டுதான் வர்றாங்க, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு.

முதல்ல ஒண்ணு மண்டைல ஏத்திக்குங்க. மல்டிமீட்டர வச்சா 12 வோல்ட் காட்டுது, அதனால வயர் நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல. முப்பது இழை இருக்கற வயர்ல இருபத்தொம்பது அறுந்து ஒரே ஒரு இழைல தொங்கினாலும் மீட்டர் 12தான் காட்டும், ஏன்னா மீட்டர் கரண்டே பெருசா இழுக்கறது இல்ல. தண்ணி பைப்பு அடைச்சிருந்தாலும் குழாய மூடி வச்சா பிரஷர் முழுசா இருக்கும்ல, திறந்தாதானே சொட்டு சொட்டா வரும், அதே கதைதான். அதனால கண்டின்யுட்டி பீப் சத்தம் வருதான்னு பாக்கறது, ஓம்ஸ்ல வச்சுப் பாக்கறது இதெல்லாம் பவர் வயருக்கு உதவாது. லோடு, அதாவது கரண்டு இழுக்கற பம்ப் மாதிரி பொருள், ஓடிட்டு இருக்கும்போது எங்க எவ்ளோ வோல்ட் விழுதுன்னு பாக்கணும், அதுக்குப் பேருதான் வோல்டேஜ் டிராப் டெஸ்ட்.

அதுக்கும் முன்னாடி பேட்டரி. ராத்திரி முழுக்க நின்ன வண்டில 12.6 இருந்தா ஃபுல், 12.4ன்னா முக்கால்வாசி, 12க்குப் பக்கத்துல இருந்தா சார்ஜ் பண்ணிட்டு அப்புறம் பேசலாம். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழ போகக் கூடாது. வண்டி ஓடும்போது 13.8ல இருந்து 14.5 வரைக்கும் வரணும், புது வண்டிகள்ல இசியுவே டைனமோவ ஏத்தி இறக்கறதால கொஞ்ச நேரம் கம்மியா காட்டும், அத வச்சு டைனமோ போச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க, ஹெட்லைட் ரியர் டீஃபாகர் எல்லாம் போட்டுட்டு திரும்பப் பாருங்க.

இப்ப அந்தத் தம்பி வண்டி. பின் சீட்ட தூக்கினா பம்ப் கப்ளர் (வயர் சொருகற கனெக்டர்) தெரியும். கப்ளர கழட்டி அளக்காதீங்க, கழட்டினா லோடு இல்லயே. மாட்டின மேனிக்கே பின்பக்கம் வயர் உள்ள போற ரப்பர் சீல் ஓரமா மெல்லிசான ஊசியச் சொருகி உள்ள இருக்கற டெர்மினலத் தொடணும். வயர் தோல ஊசியால குத்தவே கூடாது, அந்த ஓட்டை வழியா மழைத்தண்ணி போயி ஆறு மாசத்துல உள்ள பச்சை பூத்துடும். பெட்ரோல் வாசம் வருதான்னு மொதல்ல பாத்துக்குங்க, வந்தா கதவெல்லாம் திறந்து விட்டு வாசம் போன அப்புறம்தான் கை வைக்கணும், அங்க பொறி பறக்கற வேலை எதுவும் ஆகாது.

ரெண்டு நீள வயர முன் சீட்டு வரைக்கும் இழுத்து மீட்டர்ல மாட்டி, காலைல அஞ்சரைக்கு ரோடு காலியா இருக்கும்போது அவன் ஓட்ட நான் மீட்டரப் பாத்துட்டு உக்காந்தேன். ஓட்டறவன் மீட்டரப் பாக்கக் கூடாது, இதுக்குக் கண்டிப்பா ரெண்டு ஆள் வேணும். ஐடிலிங்ல பம்ப்புக்கு 12.1 வந்துச்சு. பூஸ்ட் ஏறினதும் 10.8. அதே நேரம் பேட்டரில 13.8 இருக்கு. அப்ப 3 வோல்ட் எங்க போச்சு? திரும்ப ஒரு ரவுண்டு, இந்த தடவை பேட்டரி பிளஸ்ஸுக்கும் பம்ப் பிளஸ்ஸுக்கும் நடுவுல மீட்டர், 0.7. அடுத்த ரவுண்டு பேட்டரி மைனஸுக்கும் பம்ப் மைனஸுக்கும் நடுவுல, 2.3. முடிஞ்சுது, எர்த் போயிருக்கு, அதாவது மைனஸ் வயர் வண்டி பாடியோட சேர்ற இணைப்பு. பொதுவா எர்த் பக்கம் 0.1, போனா போகுது 0.2 வரைக்கும் விடலாம், பிளஸ் பக்கம் ஃப்யூஸ், ரிலே, கப்ளர்லாம் சேத்து 0.5க்குள்ள இருக்கணும். பூஸ்ட்ல மட்டும் ஏன் வெட்டுதுன்னா, இந்த வண்டில ரெகுலேட்டர் பூஸ்ட் ஏற ஏற பெட்ரோல் பிரஷரையும் கூடவே ஏத்தும், பம்ப் அதுக்குத் தகுந்த மாதிரி அதிகமா கரண்டு இழுக்கும், கரண்டு கூடக் கூட கெட்ட ஜாயின்ட்ல விழற வோல்டேஜும் கூடும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. பம்ப் 12 ஆம்ப் இழுக்குது, எர்த்ல 2.3 வோல்ட் விழுதுன்னா அந்த ரெசிஸ்டன்ஸ் 0.19 ஓம்ஸ்தான். பெங்களூர் எஸ்பி ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைல வாங்கற சாதா மீட்டரோட ரெண்டு புரோபையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டாலே 0.2, 0.3 காட்டும், அதுல இத எங்க பிடிக்கறது. ஆனா அந்த 0.19 ஓம்ஸ்ல 12 ஆம்ப் ஓடும்போது 27 வாட்ஸ் சூடு வருது, ஒரு 25 வாட்ஸ் சால்டரிங் அயர்ன வண்டிக்குள்ள போட்டு விட்ட மாதிரி.

எர்த் போல்ட்டு பின் சீட்டுக்குக் கீழ கார்ப்பெட்டுக்கு அடில இருந்துச்சு. 10 நம்பர் ஸ்பேனர் போட்டா கையாலயே சுத்துது. ஒரே போல்ட்டுல மூணு திம்பிள் (வயர் முனைல போடற வளையம்), நடுவுல ஆம்ப்ளிஃபையர் எர்த்து, அடில இருக்கற திம்பிளுக்கும் பாடிக்கும் நடுவுல பெயின்ட சுரண்டாமலே வச்சு முடுக்கிருக்காங்க. பம்ப்போட திம்பிள் மேல இருந்ததால அதோட கரண்டு பெயின்ட தாண்ட முடியாம முழுக்க போல்ட்டு மரை வழியாதான் போயிட்டு இருந்துச்சு. திம்பிள் பக்கத்துல ஒரு இன்ச்சுக்கு வயர் தோல் பழுப்பாகி காஞ்ச வேப்பங்குச்சி மாதிரி இருக்கு, வளைச்சா படக்குன்னு விரியுது, உள்ள செம்பு கறுப்பா இருக்கு.

சரி பண்ணினது இப்படி. பேட்டரி மைனஸ மொதல்ல கழட்டியாச்சு, எப்பவும் மைனஸ்தான் மொதல்ல கழட்டணும் கடைசில மாட்டணும். பிளஸ்ஸ மொதல்ல கழட்டப் போயி ஸ்பேனர் பாடில பட்டா முழு ஷார்ட். பாடில உப்புத்தாள் போட்டு வெள்ளித் தகடு மாதிரி பளபளன்னு ஆகற வரைக்கும் தேச்சோம், கறுத்த வயர நல்ல செம்பு தெரியற எடம் வரைக்கும் வெட்டிட்டு புது திம்பிள் கிரிம்ப் பண்ணினோம் (டூலால நசுக்கி மாட்டறது), ஆம்ப்ளிஃபையர் எர்த்த வேற போல்ட்டுக்கு மாத்தினோம், முடுக்கின அப்புறம் மேல துரு பிடிக்காம இருக்க கிரீஸ். திரும்ப அளந்தா எர்த்ல 0.05. எர்த்துக்கு மட்டும் ஆன செலவு நூறு ரூபா கூட இல்ல.

பிளஸ் பக்கம் 0.7 இருந்துச்சுல்ல, அதுவும் அதிகம்தான், ஏன்னா கம்பெனி வயர் சின்ன பம்ப்புக்குன்னு போட்டது. அதுக்கு தனி ரிலே போட்டோம், அது சின்ன கரண்ட வச்சு பெரிய கரண்ட ஆன் பண்ற ஸ்விட்ச். பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள 20 ஆம்ப் ஃப்யூஸ், அங்கிருந்து ரிலேவோட 30ம் நம்பர் பின், 87ல இருந்து பம்ப், பழைய பம்ப் வயரு 86க்கு, 85 எர்த்து. பழைய வயரையே டிரிகரா வைக்கறது ரொம்ப முக்கியம், அப்பதான் எஞ்சின் நின்னா இசியு பம்ப்பையும் நிறுத்தும். டேஷ்போர்டுல ஸ்விட்ச் வச்சு பம்ப்ப நேரா ஓட்டறத நெறைய வண்டில பாத்திருக்கேன், ஆக்சிடென்ட் ஆகி வண்டி கவுந்தா கூட பெட்ரோல் பீச்சிக்கிட்டே இருக்கும், தயவு செஞ்சு அத செய்யாதீங்க. வயர் தடிமன் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) போட்டா நாலரை மீட்டர் நீளத்துல 0.4 வோல்ட் வயர்லயே போயிடும், 4 ஸ்கொயர் போட்டா கால் வோல்ட்டுதான், அதனால 4 போட்டோம். வீட்டு வயரிங்குக்கு வாங்கற வயர் வேண்டாம், சாதாரணமா அது 70 டிகிரிக்குதான் தாங்கும், வண்டிக்குன்னே 105 டிகிரி வயர் பெங்களூர் ஜேசி ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்கள்ல கிடைக்கும், தமிழ்லயே பேசி வாங்கலாம், கேட்டு வாங்குங்க. ஒரு விஷயம், உங்க வண்டில பம்ப்புக்குன்னு தனி கன்ட்ரோல் மாட்யூல் இருந்து அது பம்ப் ஸ்பீட ஏத்தி இறக்குதுன்னா இந்த ரிலே வேலை செய்யாது, மொதல்ல வயரிங் டயக்ராம் பாத்துக்குங்க.

இது பவர் வயர். சென்சார் வயர் பிரச்சனை வேற மாதிரி வரும். திடீர்னு மேப் சென்சார் (காத்து அழுத்தம் அளக்கறது), த்ராட்டில், பெடல்னு நாலஞ்சு எரர் கோடு ஒரே நேரத்துல வந்து வண்டி லிம்ப் மோடுக்கு, அதாவது பவரக் குறைச்சு மெதுவா ஓடற நிலைக்குப் போச்சுன்னா நாலும் ஒண்ணா சாகாது. இசியு அனுப்பற 5 வோல்ட் லைன பல சென்சார் பங்கு போட்டுக்கும், ஒண்ணு ஷார்ட் ஆனா எல்லாம் படுத்துடும். இக்னிஷன் ஆன் பண்ணி 5 வோல்ட் இருக்கான்னு அளந்துட்டே ஒவ்வொரு சென்சார் கப்ளரா கழட்டுங்க, எத கழட்டினதும் 5 திரும்ப வருதோ அந்த சென்சார்தான் குற்றவாளி. எல்லாத்தையும் கழட்டியும் வரலைன்னா பெரும்பாலும் வயர் எங்கயோ உரசுது, டர்போ பக்கமும் எஞ்சின் அசையற எடத்துலயும் ஹார்னஸ் (வயர் கட்டு) வளையற முனையத் தேடுங்க. இந்த வயர்ல பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப் வைக்காதீங்க, அது இழுக்கற கரண்டுல இசியு போயிடலாம். மஞ்சள் கப்ளர் பாத்தா ஏர்பேக், அதுல எந்த புரோபும் வேண்டாம்.

நம்ம ஊர்ல ரெண்டு எதிரிங்க, மழையும் எலியும். பெங்களூர்ல பாதி வண்டி மரத்தடில நிக்குது, தூங்குமூஞ்சி மரத்து எலை, பூவெல்லாம் வைப்பருக்குக் கீழ இருக்கற தொட்டில விழுந்து மக்கி தண்ணி போற ஓட்டைய அடைச்சிடும், தண்ணி ஏறி ஃப்யூஸ் பாக்ஸ், இசியு பக்கம் வழியும். மழை பெஞ்ச மறுநாள் மட்டும் ஏதாவது எரர் கோடு வந்தா அங்கதான் மொதல்ல கைய விடுங்க. கப்ளர திறந்து பச்சை பூத்திருந்தா காண்டாக்ட் கிளீனர் அடிச்சு, மெல்லிய பிரஷ்ல தேச்சு, நல்லா காய விட்டு மாட்டணும். துரு நீக்கற ஸ்ப்ரேவ அடிச்சு அப்படியே விட்டா பிசுபிசுப்புல தூசி சேரும். பேஸ்மென்ட் பார்க்கிங்ல நிறுத்தறவங்க வாரம் ஒரு தடவை பானட்டத் திறந்து எலிப்புழுக்கை இருக்கான்னு பாத்தா போதும், அதுக்கே பாதி செலவு மிச்சம்.

எலி கேன் வயர, அதாவது வண்டில இருக்கற கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற ரெண்டு வயர, கடிச்சிட்டா டேஷ்போர்டு லைட்டெல்லாம் தீபாவளி மாதிரி எரியும். பேட்டரி மைனஸ கழட்டிட்டு ஸ்கேனர் சாக்கெட்ல 6ம் நம்பர் பின்னுக்கும் 14ம் நம்பர் பின்னுக்கும் நடுவுல ஓம்ஸ் பாருங்க. நடுவுல கேட்வே (சிக்னல பிரிச்சு அனுப்பற பெட்டி) இல்லாத வண்டின்னா 60 வரணும், 120 வந்தா ஒரு பக்கம் கட், 0 பக்கம் வந்தா ரெண்டும் ஒட்டிக்கிச்சு. ஒட்டு போடும்போது அந்த ரெண்டு வயரும் முறுக்கினது முறுக்கினபடியே இருக்கணும், பிரிச்சு விட்டா சிக்னல் கெடும்.

ஒட்டு போடறதுல ஒரு கருத்து, சிலர் ஒத்துக்க மாட்டாங்க. எஞ்சின் பக்கம் நான் சால்டர் பண்ண மாட்டேன். ஈயம் இழைக்குள்ள ஏறி அந்த எடம் கம்பி மாதிரி விறைச்சிடும், விறைப்பு முடியற எடத்துல அதிர்வுல ஒடியும். நல்ல கிரிம்ப் டூல்ல சரியான சைஸ் போட்டு அமுக்கி, உள்ள பசை இருக்கற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, பசை ரெண்டு ஓரத்துலயும் லேசா பிதுங்கற வரைக்கும் சூடு காட்டுங்க. அப்புறம் ரெண்டு கையாலயும் பலமா இழுத்துப் பாருங்க, வந்துடுச்சுன்னா இப்பவே வந்தது நல்லது. பல வயர் ஒட்டணும்னா எல்லா ஒட்டும் ஒரே எடத்துல வராம முன்ன பின்ன வெட்டுங்க, இல்லன்னா அந்த எடம் முடிச்சு மாதிரி வீங்கி உரசும். மேல சுத்தறதுக்கு துணி டேப், சாதா இன்சுலேஷன் டேப் சூட்டுல உருகி நழுவிடும்.

ஃப்யூஸ் போனா அதே ஆம்ப் போடுங்க. 15 போன எடத்துல 30 போட்டா அடுத்து போறது வயர்தான், தீ அங்கதான் பிடிக்கும்.

அந்தத் தம்பி வண்டில எல்லாம் முடிச்சு திரும்ப அதே ரோட்ல அதே மூணாவது கியர்ல அளந்தோம், பூஸ்ட்ல பம்ப்புக்கு 13.4. வெட்டு இல்ல. பழைய பம்ப்பே ஓடுது. அளந்த நம்பரையெல்லாம் சர்வீஸ் புக் கடைசிப் பக்கத்துல தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னேன், ரெண்டு மாசம் கழிச்சு வந்து அந்த எர்த் போல்ட்ட ஒரு தடவை முடுக்கிப் பாத்து திரும்ப அளந்துட்டுப் போனான், 0.05தான் இருந்துச்சு.