வெள்ளத்தில் நின்ற காரின் சாவியைத் திருப்பாதீர்கள்: இன்சூரன்ஸ் கிளைமைக் கெடுக்கும் தவறுகள்

தண்ணீர் வடிந்த மறுநாள் காலை, "ஸ்டார்ட் ஆகுதான்னு ஒரு தடவை பார்ப்போம்" என்று சாவியைத் திருப்புகிறார்களே, வெள்ளக் கிளைம்களில் அதைவிடப் பெரிய தவறு வேறில்லை. முந்தின நாள் வரை சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை, அந்த ஒரு நொடியில் லட்சத்தைத் தாண்டும். தாண்டிய தொகையை இன்சூரன்ஸ் நிறுவனம் தராமல் போகவும் வாய்ப்பு அதிகம்.

காரணம் எளிது. இன்ஜின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறும்போது காற்றை அழுத்துகிறது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் பிஸ்டன் பாதியில் முட்டி நிற்கும், கனெக்டிங் ராட் வளையும். சில சமயம் அது உடைந்து இன்ஜின் பிளாக்கையே துளைத்துவிடும். ஒர்க்‌ஷாப்பில் இதை ஹைட்ரோலாக் என்பார்கள். ஓடும் இன்ஜினில்தான் இப்படி ஆகும் என்று நினைக்க வேண்டாம், ஸ்டார்ட்டர் மோட்டாரின் விசையே ராடை வளைக்கப் போதும். நின்ற நிலையில் மூழ்கிய இன்ஜினைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஆயில் மாற்றி ஓட்டிவிடலாம். ராட் வளைந்த இன்ஜினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இனி பாலிசி பக்கம். இந்தியாவின் நிலையான கார் பாலிசியில் வெள்ளம், புயல், சூறாவளி, ஆலங்கட்டி மழை எல்லாமே ஓன் டேமேஜ், அதாவது நம் சொந்த வண்டிக்கு வரும் சேதத்துக்கான பிரிவில் வருகின்றன. ஆனால் அதே பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்று: சேதமான வண்டியைப் பழுது பார்க்கும் முன் ஓட்டினால், அதனால் கூடும் சேதம் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பு. வெள்ளத்தால் நேரடியாக வந்தது எது, அதன் பிறகு நாம் செய்த செயலால் வந்தது எது என்று, சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பிரித்துப் பார்ப்பார். வளைந்த ராடைப் பார்த்ததும் "விளைவாக வந்த சேதம்" என்று எழுதிவிடுவார். கூடுதல் பிரீமியம் கட்டி இன்ஜின் பாதுகாப்பு அட்-ஆன் எடுத்திருந்தால் மட்டுமே இங்கே பேச இடமுண்டு. அதிலும், தண்ணீரில் அணைந்த வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யப் பார்த்தது தெரிந்தால் வாதம் பலவீனமாகிவிடும்.

ஆகவே இக்னிஷனை ஆன் நிலைக்குக்கூடக் கொண்டுபோகாதீர்கள். மொபைல் செயலி வழியே ஸ்டார்ட் செய்யும் வசதியைத் தொடாதீர்கள், ஜம்ப் ஸ்டார்ட்டும் வேண்டாம். ஈரமான கனெக்டர்களில் மின்சாரம் பாய்ந்தால், அதுவரை பிழைத்திருந்த கன்ட்ரோல் யூனிட்டும் போய்விடும். பல கார்களில் ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் கியர் லீவருக்கு அருகே தரைமட்டத்திலேயே இருக்கிறது, கார்பெட் நனையும் அளவு தண்ணீரே அதற்குப் போதும். தண்ணீர் முழுதாக வடிந்து, சுற்றிலும் மின்கசிவு ஆபத்து இல்லை என்று உறுதியான பிறகு, 10 எம்எம் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். எலக்ட்ரிக், ஹைப்ரிட் கார் என்றால் இதையும் நீங்கள் செய்ய வேண்டாம். உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடாமல், சார்ஜரைச் செருகாமல், சர்வீஸ் சென்டர் ஆட்களை வரச்சொல்லுங்கள்.

கழுவித் துடைப்பது அடுத்த தவறு. சேறு படிந்த காரைப் பார்த்தால் மனசு கேட்காது, உண்மைதான். ஆனால் கதவில், சீட்டில், டாஷ்போர்டின் ஓரத்தில் படிந்திருக்கும் அந்தச் சேற்றுக்கோடுதான் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதற்கான சாட்சி. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் இருக்கும் ஈரமும் வண்டலும் அப்படித்தான். தெரு முனை மெக்கானிக்கை அழைத்து அதைத் திறந்து துடைத்துவிட்டால், இன்ஜினுக்குள் தண்ணீர் போனது எப்படி என்று பிறகு நிரூபிக்க வழியில்லை.

தண்ணீர் நிற்கும்போதே பாதுகாப்பான தூரத்திலிருந்து, நம்பர் பிளேட் தெரிய ஒரு வீடியோ எடுங்கள். வடிந்த பிறகு நான்கு பக்கமும், கதவுகளைத் திறந்து உள்பக்கமும், பானெட்டுக்குள்ளும் படங்கள் எடுங்கள். சேற்றுக்கோட்டின் பக்கத்தில் ஒரு அளவுநாடாவைப் பிடித்து எடுத்த படம் பத்துப் படங்களுக்குச் சமம். ஓடோமீட்டர் படம் கேட்பார்கள். அதற்காக இக்னிஷனைப் போட வேண்டியதில்லை, கடைசி சர்வீஸ் பில்லில் இருக்கும் கிலோமீட்டர் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். படங்கள் எடுத்து முடித்ததும் மேட்களை வெளியே எடுத்து, கதவுகளைத் திறந்து காற்றாட விடலாம். சேதம் கூடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை என்று பாலிசியும் சொல்கிறது.

தகவல் சொல்வதைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணைக் குடியிருப்பில் கார்கள் மிதந்தபோதும், அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கியபோதும் பலருக்கு போன் லைனே கிடைக்கவில்லை. கால் சென்டர் எடுக்கவில்லை என்றால் மின்னஞ்சல் அனுப்புங்கள், நிறுவனத்தின் செயலியில் பதிவு செய்யுங்கள். அனுப்பிய நேரம் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொள்ளுங்கள். கிளைம் எண் கைக்கு வரும்வரை தகவல் சொன்னதாகக் கணக்கில்லை என்று வைத்துக்கொள்வது நல்லது. தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதமான நியாயமான கிளைமைத் தாமதம் என்ற ஒன்றை வைத்தே நிராகரிக்கக்கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏவின் 2011 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கை சொல்கிறது. இது கடைசித் தற்காப்பு மட்டுமே, இதை நம்பி ஒரு வாரம் காத்திருக்காதீர்கள்.

கிளைம் படிவத்தில் எழுதும் வாசகத்திலும் கவனம் தேவை. "இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது" என்று நோயை நீங்களே கணித்து எழுத வேண்டாம். வண்டி எங்கே நின்றது, எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எதுவரை ஏறியது, யார் எப்போது பார்த்தார்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ஓட்டும்போது அணைந்த வண்டியை "நிறுத்தி வைத்திருந்தேன்" என்று மாற்றி எழுதினால், மொத்த கிளைமும் அந்த ஒரு பொய்யில் விழுந்துவிடும். இன்ஜினைப் பிரித்தால் உள்ளே கிடப்பது வெளியே தெரிந்துவிடும்.

வண்டியை இழுத்துப் போகும்போது நடக்கும் தவறு தனி. ஆட்டோமேட்டிக் காரை டிரைவ் சக்கரங்கள் தரையில் உருள இழுத்தால் கியர்பாக்ஸ் கெடும், அந்தச் சேதத்துக்கும் வெள்ளத்துக்கும் சம்பந்தமில்லை என்பார் சர்வேயர். முழு வண்டியையும் ஏற்றிச்செல்லும் பிளாட்பெட் வண்டியைக் கேளுங்கள். நிலையான பாலிசி இழுவைச் செலவுக்குத் தருவது ரூ. 1,500 வரைதான். புயல் நேரத்தில் கேட்கும் கட்டணம் அதைவிடக் கூடும் என்பதால், பாலிசியில் ரோடுசைடு அசிஸ்டன்ஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

சர்வே முடியும் முன் ஒர்க்‌ஷாப்பில் எதையும் பிரிக்க அனுமதிக்கக்கூடாது. முதல் எஸ்டிமேட் வெளியில் தெரிவதை வைத்துத்தான் போடுவார்கள். பிரித்த பிறகு புதிய சேதம் தெரிந்தால், துணை எஸ்டிமேட் போட்டு, சர்வேயரின் ஒப்புதல் பெற்று, அதன் பிறகே பாகம் மாற்ற வேண்டும். மாற்றிய பழைய பாகங்களைப் பில் தீரும்வரை தூக்கிப்போட விடாதீர்கள், மறுஆய்வில் கேட்பார்கள்.

பில் வரும்போது பலருக்கும் அதிர்ச்சி தேய்மானத்தில்தான். ரப்பர், பிளாஸ்டிக், நைலான் பாகங்கள், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு வண்டி புதிதாக இருந்தாலும் 50 சதவீதம் கழிப்பார்கள். உலோகப் பாகங்களுக்கு வயதுக்கேற்பக் கூடும்: இரண்டிலிருந்து மூன்று வருட வண்டிக்கு 15, நான்கிலிருந்து ஐந்து வருட வண்டிக்கு 35, அதற்குமேல் பத்து வருடம் வரை 40 சதவீதம். கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. 1500 சிசி வரையிலான காருக்கு ரூ. 1,000, அதற்கு மேல் ரூ. 2,000 கட்டாயக் கழிவு, அதை நீங்களே ஏற்க வேண்டும். பம்பர் டு பம்பர் என்று சொல்லப்படும் ஜீரோ டெப் அட்-ஆன் எடுத்தவர்களுக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். ஆனால் இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், நட்டு போல்ட்டெல்லாம் அதில் சேராது, அவற்றுக்குக் கன்ஸ்யூமபிள்ஸ் அட்-ஆன் தனி. வெள்ளத்தில் நின்ற இன்ஜினைச் சுத்தம் செய்ய ஆயிலை ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாற்றுவார்கள் என்பதால், சாதாரண விபத்தைவிட இந்த அட்-ஆன் இங்கேதான் அதிகம் பயன்படுகிறது.

கார்பெட் மட்டும் நனைந்திருந்தால் கிளைமே போடாமல் இருப்பது லாபமாக இருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் ரூ. 16,000, கிளைம் போடாத வருடங்களுக்காகத் தரும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் உங்களுக்கு 50 சதவீதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிளைம் போட்டால் அது பூஜ்யமாகி, 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50ஐத் தொட வேண்டும். பிரீமியம் மாறாமல் இருந்தால் அந்த ஐந்து புதுப்பித்தல்களில் மொத்தம் ரூ. 20,000 இழப்பீர்கள். போனஸ் பாதுகாப்பு அட்-ஆன் இல்லாதவர் எட்டாயிரம் ரூபாய் சுத்தம் செய்யும் வேலைக்கு இதைத் தொடக்கூடாது.

பழுதுச் செலவு ஐடிவியில், அதாவது பாலிசியில் குறித்திருக்கும் வண்டியின் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு இழப்பு என்று அறிவிப்பார்கள். ஐடிவி ரூ. 6 லட்சம் என்றால் எல்லை நாலரை லட்சம். பிரீமியத்தைக் குறைக்க ஐடிவியைக் குறைத்து வைத்தவர்கள் வருந்துவது இங்கேதான். டாஷ்போர்டு வரை தண்ணீர் ஏறிய காரைப் பழுது பார்த்தே தரச்சொல்லி சண்டை போடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வயரிங் கனெக்டர்களில் துரு ஏற மாதங்கள் ஆகும், பிரச்சினை ஒவ்வொன்றாகப் பிறகுதான் தலைகாட்டும். முழு இழப்பு என்று ஒப்புக்கொண்டால் பேச்சை இழுக்காதீர்கள், சில ஒர்க்‌ஷாப்கள் நாள் கணக்கில் பார்க்கிங் கட்டணம் போடும். கடன் இருந்தால் பணம் முதலில் வங்கிக்குப் போகும். கிளைம் தீரும்வரை தவணையை நிறுத்தாதீர்கள். சேதமான அந்த வண்டியை வாங்கிப்போகிறவர் ஆர்சியில் பெயர் மாற்றும்வரை விடாதீர்கள், அந்த நம்பரில் நாளை எது நடந்தாலும் உங்கள் வீட்டுக்குத்தான் நோட்டீஸ் வரும்.

கிளைம் நிராகரிக்கப்பட்டால் போனில் வாதாடிப் பயனில்லை, எந்த நிபந்தனையின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். சர்வே அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

இத்தனையும் செல்லுபடியாகும் பாலிசி இருந்தால்தான். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருட தேர்டு பார்ட்டி பாலிசி, அதாவது பிறருக்கு வரும் சேதத்துக்கான பாலிசி, கட்டாயம் என்பதால், தன் பாலிசியே மூன்று வருடம் என்று நம்பியிருப்பவர்கள் பலர். ஓன் டேமேஜ் பகுதி பெரும்பாலும் முதல் வருடத்தோடு முடிந்திருக்கும். ஒருமுறை காலாவதியானால் புதுப்பிக்க வண்டியை நேரில் ஆய்வு செய்யச் சொல்வார்கள், மழை தொடங்கிய பிறகு அதற்கு அலைவது கஷ்டம். செப்டம்பரிலேயே பாலிசியை எடுத்து, ஓன் டேமேஜ் என்ற வரிக்கு எதிரே இருக்கும் தேதியைப் பாருங்கள்.