கப்பல் ஓடாத நாளுக்கும் சேர்த்து: குளிர்காலத்தில் கிரேக்கத் தீவுக்குப் போகும் குமரிக்காரர்களுக்கு

குளிர்காலத்தில் கிரேக்கத் தீவுக்குப் போக ஆசைப்படுகிற நம்ம மாவட்டத்துக்காரர்கள் முதலில் கேட்பது எந்தத் தீவு அழகு என்றுதான். அழகுக்கு எங்கேயும் குறைவில்லை. எந்தத் தீவிலிருந்து நினைத்த நாளில் வெளியே வர முடியும் என்று கேளுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே கப்பல்கள் குறைவு, இருப்பதும் காற்று பலத்தால் நிற்கும், காற்று இல்லாத நாளில் வேலைநிறுத்தம் வரும், சில கப்பல்கள் வருடாந்திரப் பராமரிப்புக்குப் போய்விடும். விவேகானந்தர் பாறைக்கு வரிசையில் நின்று, கடல் சீற்றம், படகு இல்லை என்ற அறிவிப்பைக் கேட்டுத் திரும்பியவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே ஒரு வித்தியாசம், நீங்கள் பாறைப் பக்கம் மாட்டிக்கொள்வீர்கள்.

அப்படியும் ஏன் போகவேண்டும் என்றால், அறை வாடகை கோடையில் கேட்பதில் பாதிகூட வராது, கூட்டம் கிடையாது, கடைக்காரர் உட்கார்ந்து பேசுவார். குளிர் பகலில் 10 முதல் 15 டிகிரி, மழை உண்டு, கடலில் குளிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை இடையிடையே காற்றே இல்லாமல் நல்ல வெயில் அடிக்கும் நாட்கள் சில வரும், அது அமைந்தால் அதிர்ஷ்டம். ஜனவரி 6 அன்று துறைமுகங்களில் பாதிரியார் சிலுவையைத் தண்ணீரில் எறிய, இளவட்டங்கள் அந்தக் குளிரிலும் குதித்து எடுப்பார்கள். கடற்கரை ஊர்த் திருவிழாக்களோடு வளர்ந்தவர்கள் அந்தத் தேதியை ஒட்டிப் போனால் நல்லது.

சரி, எந்தத் தீவு? முதல்முறை என்றால் கிரீட். அங்கே ஹெராக்லியோன், ஹானியா இரண்டு ஊரிலும் குளிர்காலத்திலும் விமானம் உண்டு, ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸுக்கு இரவுக் கப்பலும் உண்டு, ஒன்று நின்றால் மற்றொன்று. ஊர்களும் பெரியவை, சுற்றுலாக்காரர்களை நம்பி இல்லை, ஓட்டல்கள் திறந்திருக்கும். நாட்கள் குறைவாக இருந்தால் ஏஜினா. பிரேயஸிலிருந்து சாதாரணக் கப்பலில் ஒன்றேகால் மணி நேரம்தான், பிஸ்தாவுக்குப் பேர்போன தீவு. எனக்குப் பிடித்தது சிரோஸ். சிக்லடீஸ் தீவுகளின் தலைநகரான எர்முபோலி அங்கேதான் இருக்கிறது. அரசு அலுவலகம், பல்கலைக்கழகத் துறை எல்லாம் இருப்பதால் ஜனவரியிலும் ஊர் கலகலப்பாக இருக்கும், கத்தோலிக்கர்களும் ஆர்த்தடாக்ஸ்காரர்களும் ஆளுக்கொரு குன்றில் கோயில் கட்டி வைத்திருப்பார்கள். சாண்டோரினியையும் மைக்கோனோஸையும் குளிர்காலத்தில் நான் சொல்லமாட்டேன், பாதிக் கடைகள் பூட்டித்தான் கிடக்கும். 2025 பிப்ரவரியில் சாண்டோரினியில் தொடர் நிலநடுக்கம் வந்து 10,000-க்கும் மேற்பட்டோர் கப்பலிலும் விமானத்திலும் வெளியேறியதையும் மறக்கவேண்டாம். அமோர்கோஸ், ஃபோலெகாண்ட்ரோஸ் மாதிரிச் சின்னத் தீவுகள் எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை என்று இருப்பவர்களுக்கு.

திருவனந்தபுரத்திலிருந்து துபாய், தோஹா, அபுதாபி ஏதாவது ஒன்று வழியாக ஏதென்ஸ் போய்விடலாம். ஏதென்ஸில் இறங்கியதும் அக்ரோபோலிஸ் பார்க்கக் கிளம்பாதீர்கள். முதலில் தீவு, கடைசியில் ஏதென்ஸ். ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முன் குறைந்தது இரண்டு இரவு ஏதென்ஸில் இருக்கிற மாதிரி வைத்துக்கொண்டால், கப்பல் ஒருநாள் நின்றாலும் ஏதென்ஸ் பார்ப்பதில் ஒருநாள் குறையும், அவ்வளவுதான். விமானத்தை விட்டுவிட்டு வளைகுடாவில் வேலை பார்க்கும் மைத்துனருக்கு நடுராத்திரி போன் போடவேண்டி வராது. தீவிலிருந்து ஏதென்ஸுக்கு உள்நாட்டு விமானம் தனி டிக்கெட்டாக எடுத்து, அதே நாளில் வெளிநாட்டு விமானத்தைப் பிடிக்கிற சாகசமும் வேண்டாம். விசா விண்ணப்பத்தில் கணக்காக எட்டு நாள் என்று கேட்காமல், தாமதத்துக்கும் சேர்த்து ஓரிரு நாள் கூட்டியே கேளுங்கள். கிரீஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் அதிலேயே பயணத் தாமதத்துக்கும் பணம் கிடைக்குமா என்று பாலிசியை வாசித்துப் பாருங்கள், விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் இருக்காது.

இனி காற்று. முட்டத்திலும் குளச்சலிலும் வள்ளக்காரர்கள் போனில் பார்க்கிற விண்டி செயலியே போதும். அதில் காற்றின் வேகம் நாட் (knot, கடல்மைல் வேகம்) கணக்கில் இருக்கும். வேகம் 34 நாட் ஆனால், காற்றின் பலத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 8, அந்த அளவிலிருந்து கப்பல்களுக்குத் தடை வரும் என்று எதிர்பார்க்கலாம். இரட்டை உடல் கொண்ட வேகக் கப்பல்கள் அதற்கு முன்பே, 6, 7-லேயே நின்றுவிடும். அதனால் குளிர்காலத்தில் நேரம் கூடினாலும் கார், லாரி ஏற்றும் பெரிய கப்பலுக்கே டிக்கெட் எடுங்கள். தடை போடுவது கடலோரக் காவல்படை, கப்பல் கம்பெனி அல்ல, கவுண்டரில் சண்டை போட்டுப் பயனில்லை. முந்தின நாள் சாயங்காலமே துறைமுகக் கடைகளில் கேட்டால் நாளைக்கு ஓடுமா ஓடாதா என்று சொல்லிவிடுவார்கள், அவர்கள் கணிப்பு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

வேலைநிறுத்தம் காற்றைவிடப் பரவாயில்லை, சில நாள் முன்பே அறிவித்துவிடுவார்கள், பெரும்பாலும் 24 மணி நேரம். பிப்ரவரி 28-ஐ மட்டும் தள்ளி வையுங்கள். 2023-ல் அந்த நாளில் டெம்பி ரயில் விபத்தில் 57 பேர் இறந்தார்கள், அந்த நினைவு நாளில் 2024-லும் 2025-லும் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது, 2025-ல் கப்பல், ரயில், விமானம் எல்லாமே நின்றன.

ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து பிரேயஸுக்கு மெட்ரோ நேராகப் போகும், X96 பேருந்து ராத்திரி பகல் எந்நேரமும் ஓடும். துறைமுகம் பெரிது, வாசல்களுக்கு எண் போட்டிருக்கும், டிக்கெட்டில் எந்த வாசல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தப்பான பக்கம் போய்விட்டால் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடவேண்டும். தீவில் இறங்குவது வேறு அனுபவம். கப்பல் திரும்பிப் பின்பக்கமாகக் கரைக்கு வரும்போதே இரும்புத் தளம் சங்கிலிச் சத்தத்தோடு கீழே இறங்க ஆரம்பிக்கும், நீங்கள் லாரிகளுக்கு நடுவே டீசல் புகையில் பெட்டியோடு தயாராக நிற்கவேண்டும், தளம் தரையைத் தொட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்க, ஏறுகிறவர்கள் ஏற, சில நிமிடத்தில் கப்பல் கிளம்பிவிடும். ஊர் பேர் சொல்லும் ஒலிபெருக்கி கேட்டதும் கீழே போய்விடுங்கள், காபி குடித்துவிட்டுப் போகலாம் என்றால் அடுத்த தீவுதான். காற்று மோசமென்றால் சில கப்பல் அந்தத் துறைமுகத்தில் அணையாமலே போய்விடுவதும் உண்டு.

ஓட்டலுக்கு முன்பணம் அனுப்பும் முன் ஒரு செய்தி அனுப்பி, அந்த மாதம் உண்மையிலேயே திறந்திருக்கிறீர்களா, அறையில் சூடேற்றி வேலை செய்யுமா என்று கேளுங்கள். கல் கட்டடத்தின் ஈரக்குளிர் நம் ஆட்களுக்குத் தாங்காது. துறைமுகத்துக்கு நடக்கிற தூரத்தில் எடுங்கள்.

கப்பல் ரத்தானால் முழுப் பணம் அல்லது அடுத்த பயணம், எது வேண்டும் என்பது உங்கள் உரிமை. ஆனால் காரணம் வானிலை என்றால் தங்கும் செலவைக் கம்பெனி தரவேண்டியதில்லை, ஐரோப்பிய விதியே அப்படி. அந்த ஓரிரு இரவுக்கான பணத்தைத் தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சாப்பாடு. முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் சிப்ஸும் தாராளமாகக் கொண்டுபோகலாம், கடை பூட்டிய மழைநாளில் அதுதான் கைகொடுக்கும். இறைச்சியையும் பால் பொருட்களையும் ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள், அதனால் மாட்டிறைச்சி ஊறுகாயும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். மீனுக்கு அந்தத் தடை இல்லை, கருவாடு கொண்டுபோகலாம்தான், ஆனால் ஓட்டல் அறையில் வறுத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.