அலெக்சாண்டிரைட்: நிறம் மாறினால் மட்டும் போதாது

அலெக்சாண்டிரைட் என்ற ரத்தினக்கல் பகலில் பச்சை, மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பு. இந்த ஒரு குணத்தை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாற வாய்ப்பு அதிகம். வனேடியம் என்ற உலோகம் சேர்த்து ஆலையில் வளர்த்த கொரண்டமும் (மாணிக்கம், நீலக்கல் ஆகியவற்றின் கனிமம்) நிறம் மாறும். இரண்டையும் எடை போட்டே பிரித்துவிடலாம். கல் நகையில் பதிக்காமல் தனியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கல்லைப் புரிந்துகொள்ளுங்கள். வைடூரியமும் இதுவும் ஒரே கனிமம்: பெரிலியமும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கிரிசோபெரில். அலெக்சாண்டிரைட்டில் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் குரோமியம் இருக்கும். அது மஞ்சள் ஒளியை விழுங்கிவிட்டு பச்சையையும் சிவப்பையும் வெளியே விடும். வெளிச்சத்தில் எது மிகுதியோ அதுவே கண்ணில் படும். பெரிலியம் கிரானைட் வகைப் பாறைகளோடு வரும், குரோமியமோ சிலிக்கா குறைந்த பாறைகளில் கிடக்கும். இரண்டும் சந்திப்பதே அரிது. சந்தித்த இடத்தில் சிலிக்கா மிகுந்திருந்தால் மரகதம் விளைந்துவிடும்!

1830களில் ரஷ்யாவின் உரால் மலை மரகதச் சுரங்கங்களில் இது கிடைத்தது. பின்னாளில் ஜார் ஆன இரண்டாம் அலெக்சாந்தரின் பெயரை வைத்தார்கள். இளவரசருக்குப் பதினாறு வயது நிறைந்த நாளிலேயே கிடைத்தது என்பது வழிவழியாக வரும் கதை.

படி 1: வெளிச்சம். வெள்ளைத் தாளில் கல்லை வைத்து, நேர்வெயில் படாத ஜன்னலோரம் பாருங்கள். பிறகு இருட்டறையில் மெழுகுவத்தியிலோ பழைய இழை பல்பிலோ பாருங்கள். எல்இடி வேண்டாம், பலவற்றில் சிவப்பு ஒளி குறைவு. நீலம் கலந்த பச்சை செவ்வூதாவாக மாறினால் நல்லது. சாம்பல்நீலம் ஊதாவாக மாறினால் கொரண்டம் என்று சந்தேகப்படுங்கள்.

படி 2: எடை. 0.001 கிராம் காட்டும் தராசு தேவை. 2 காரட் கல்லை எடுத்துக்கொள்வோம்: 0.400 கிராம். தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நைலான் இழையில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் இடிக்காமல் முழுதாக முக்குங்கள். தராசு காட்டுவது கல் ஒதுக்கிய நீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு நீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்பது, கிடைக்கும்.

0.107 காட்டினால் 3.73 அல்லது 3.74, அது கிரிசோபெரிலின் அளவு. 0.100 என்றால் 4.00, கொரண்டம். இடைவெளி வெறும் 0.007 கிராம், 0.01 தராசு ஏன் உதவாது என்று இப்போது தெரிந்திருக்கும்.

பெரும்பாலோர் தவறுவது காற்றுக் குமிழியில். கல்லில் ஒட்டிய குமிழியும் நீரை ஒதுக்கும், ஒப்படர்த்தி குறைந்து வரும். கொரண்டம்கூட அலெக்சாண்டிரைட் போலக் காட்டிவிடும். கொதிக்கவைத்து ஆறிய நீரில் ஒரு துளி சோப்புத் திரவம் விடுங்கள், குமிழியைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

3.73 வந்தாலும் பெருந்தொகை கொடுக்குமுன் ரத்தினக்கல் ஆய்வகச் சான்று கேளுங்கள். ஆலையில் வளர்த்த அலெக்சாண்டிரைட்டுக்கும் ஒப்படர்த்தி அதேதான். உள்ளே இருக்கும் நுண்பொருள்களை உருப்பெருக்கியில் பார்ப்பது அதைப் பிரிக்க உதவும்.