கயாக் கவிழ்ந்தால் மிதக்குமா? ட்ரை பேக்கும் காற்றுப்பையும்

கயாக் எனும் சின்னத் துடுப்புப் படகைப் புதிதாக ஓட்ட வருகிறவர்கள் போன் நனையக்கூடாது என்று தேடித்தேடி ட்ரை பேக், அதாவது வாயைச் சுருட்டி மூடும் தண்ணீர் புகாத பை, வாங்குவார்கள், படகுக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும் என்று மட்டும் யோசிக்க மாட்டார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் மாதத்திலேயே இடுப்பளவு தண்ணீரில் கவிழ்ந்தேன். போன் துளிகூட நனையவில்லை, ஆனால் படகின் முன்முனை நேராகக் கீழே இறங்கி மண்ணில் குத்திக்கொண்டது, இரண்டு பேர் இழுத்தும் அசையவில்லை.

காரணம் ரொம்ப எளிது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. உள்ளே உட்கார்ந்து ஓட்டும் சாதாரணக் கயாக்கில் 200 லிட்டர் தண்ணீர் எளிதாகப் புகுந்துவிடும், அதாவது 200 கிலோ. பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் படகு தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் லேசு என்பதால் தட்டுத்தடுமாறி மிதக்கும், ஃபைபர் கிளாஸ் படகென்றால் அதுவும் நிச்சயமில்லை. ஆக, படகுக்குள் எந்த இடத்தைக் காற்றால் நிரப்பி வைக்கிறோமோ அந்த இடத்துக்குள் தண்ணீர் வராது. முன்னும் பின்னும் 30 லிட்டர் பை ஒவ்வொன்று வைத்தாலே 60 கிலோ தண்ணீரை வெளியே நிறுத்திவிடலாம்.

முதலில் டார்ச் அடித்து உங்கள் படகின் உள்ளே பாருங்கள். இருக்கைக்குப் பின்னால் குறுக்கே ஒரு தடுப்பு இருந்தால், அதற்குப் பின்னால் இருக்கும் அறை காற்றறை. ஆரம்பநிலைப் படகுகள் பலவற்றில் பின்னால் மட்டும்தான் தடுப்பு இருக்கும், முன்பக்கம் திறந்தே கிடக்கும். என் படகு அப்படிப்பட்டதுதான், அதனால்தான் முன்முனை இறங்கியது. திறந்து கிடக்கும் பக்கத்துக்கு ஃப்ளோட் பேக் எனும் கூம்பு வடிவக் காற்றுப்பை வேண்டும்.

அதைப் பொருத்தும்போது காற்றில்லாமல் மடித்து, கால் வைக்கும் கட்டையையும் தாண்டி முனைவரை தள்ளிவிட்டு, ஊதும் குழாய் மட்டும் கைக்கு எட்டும்படி விட்டு, பிறகு ஊதுங்கள். பை படகின் சுவரில் நன்றாக அழுந்த வேண்டும். அப்புறம் மறக்காமல் கயிறு போட்டுக் கட்டுங்கள். கட்டாத பையைத் தண்ணீர் தூக்கி வெளியே தள்ளிவிடும், அதுவும் சரியாக நீங்கள் கவிழ்ந்த நேரத்தில்.

வெயிலில் காற்று விரியும். கரையில் கல் மாதிரி ஊதிய பை, படகு குளிர்ந்த தண்ணீரில் இறங்கிய பத்து நிமிடத்தில் தொளதொளத்துப் போகும். அதனால் படகு தண்ணீரில் கொஞ்ச நேரம் இருந்த பிறகு விரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழுந்தால் இன்னும் நாலு மூச்சு ஊதுங்கள். திரும்பி வந்து படகை வெயிலில் போடும் முன் வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தையல் விட்டுப்போகும்.

சரி, ட்ரை பேக்குக்கு வருவோம். ஒரே பெரிய பையைவிட 5, 10 லிட்டரில் இரண்டு மூன்று சின்னப் பைகள்தான் என் தேர்வு. ஒன்றில் தண்ணீர் புகுந்தாலும் மற்றவை தப்பும், படகின் இடுக்குகளிலும் எளிதாக நுழையும். பையை வாய்வரை திணிக்காதீர்கள், சுருட்ட இடம் வேண்டும். வாயின் இரண்டு ஓரங்களையும் சேர்த்து, சுருக்கம் விழாமல் தட்டையாகப் பிடித்து, குறைந்தது மூன்று சுற்று இறுக்கிச் சுருட்டி, இரண்டு முனைகளையும் வளைத்து பக்கிளை மாட்டுங்கள். மாட்டியதும் பையைக் கட்டிப்பிடித்து அமுக்குங்கள். 'உஸ்' என்று சத்தம் வந்தால் அவிழ்த்து மறுபடி சுருட்ட வேண்டியதுதான். சுருட்டுகிற பை தெறிப்பையும் சட்டென்று ஒரு முறை முழுகி எழுவதையும் தாங்கும், நீருக்கடியில் நெடுநேரம் கிடந்தால் தாங்காது. போனையும் சாவியையும் உள்ளே இன்னொரு உறையில் போட்டு வையுங்கள்.

கொஞ்சம் காற்றோடு மூடிய ட்ரை பேக்கும் மிதக்கும்தான். அதைப் படகோடு கட்டிவைத்தால் அதன் அளவுக்குத் தண்ணீரை ஒதுக்கும். ஆனால் துணியும் சாப்பாடும் நிரம்பிய பையை நம்பி காற்றுப்பை வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். கட்டும்போது தொங்கும் கயிறும் வேண்டாம், வெளியேறும்போது காலில் சுற்றிக்கொள்ளும். கனமான பை இருக்கைக்கு அருகே, தாழ்வாக இருக்கட்டும்.

மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்கின் உடல் மூடியே இருப்பதால் இந்தக் கவலை குறைவு. அதிலும் வடிகால் அடைப்பானையும் மூடிகளையும் ஒவ்வொரு முறையும் இறுக்கிப் பாருங்கள். எந்தப் படகானாலும் லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், பின்னால் கட்டி வைத்த ஜாக்கெட்டால் பயனில்லை.

எல்லாம் கட்டி முடித்ததும் கூட ஒருவரை நிறுத்திக்கொண்டு, இடுப்பளவு ஆழத்தில் நீங்களே படகைக் கவிழ்த்து, தண்ணீரை உள்ளே விட்டு, நிமிர்த்திப் பாருங்கள். இரண்டு முனையும் மட்டமாக நின்றால் கிளம்பலாம், ஒரு முனை தாழ்ந்தால் அந்தப் பக்கத்துக்கு இன்னும் பெரிய பை வாங்குங்கள்.